என் தங்கையோடு பேச ஒருவர் வேண்டும்

வணக்கம் அக்காமாரே. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் என் தங்கைக்கு உதட்டோரத்திலும் கைகளிலும் வெண்புள்ளிகள் இருக்கின்றன. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போன இடத்தில், அவள் நீட்டிய பிரசாதத்தை வாங்க மறுத்த ஒரு பெண், "இவளை யார் கட்டப் போகிறான்?" என்று அவள் காதுபடவே சொன்னார். அன்றிலிருந்து வன்னி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். யாரோடும் படம் எடுக்க நிற்பதில்லை.

இது தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் கலங்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது. தோல் வைத்தியரிடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே தயவுசெய்து கிறீம்களின் பெயர்களை அனுப்பாதீர்கள். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் இருக்கிறது.

எனக்கு அவள் அழகி. சிரித்தால் அந்த உதட்டோர வெள்ளையும் சேர்ந்தே சிரிக்கும். ஆனால் நான் சொன்னால், "அக்கா அப்படித்தானே சொல்லுவாய்" என்கிறாள்.

முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியாப் பக்கம் இதே புள்ளிகளோடு வாழும் பெண்கள் யாராவது அவளோடு ஒருமுறை பேசுவீர்களா? முகத்துக்கு நேரே கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள், கண்ணாடி முன் நிற்க எப்படிப் பழகினீர்கள் என்பதை உங்கள் வாயால் கேட்டால் நம்புவாள். உள்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவள் வீட்டில்தான் இருப்பாள்.