விட்டதைப் பிடிக்கும் வெறியும் ஹிப்னோதெரபியும்: எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

பதினொரு ஆண்டுகள் பந்தயத்தில் பணம் கட்டி வந்தவன் நான். கடைசியாகக் கட்டி இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. ஹிப்னோதெரபியால், அதாவது அறிதுயில் எனப்படும் ஹிப்னாடிசத்தைக் கொண்டு அளிக்கும் சிகிச்சையால், சூதாட்டத்தை விட முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலாது என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் அமர்வில் ஹிப்னாடிசமே நடக்கவில்லை. எனக்குச் சிகிச்சை அளித்தவர் உளவியல் படித்துத் தகுதி பெற்ற ஓர் அம்மையார். அவர், நான் என்ன மருந்துகள் உட்கொள்கிறேன், எவ்வளவு கடன் இருக்கிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்பதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மருந்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், மூளையில் ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் வேதிப்பொருளான டோபமைனைப் போலவே செயல்பட்டு, அதுவரை சீட்டைத் தொட்டறியாதவர்களைக்கூடச் சூதாட வைத்துவிடுவதுண்டு என்று பின்னர் விளக்கினார்.

அடுத்த அமர்வில், பணம் கட்டுவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களை மட்டும் விவரிக்கச் சொன்னார். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் போர்வைக்குள் கைபேசியின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்வேன். வலது கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே, அதைத் தொடாமல், மெல்ல வட்டமிடும். அழுத்தியதும், முடிவு தெரியும்வரை மூச்சை அடக்கிக்கொள்வேன். மூச்சை அடக்குகிறேன் என்பதே, அதை வாய்விட்டுச் சொன்ன அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. சிகிச்சை முழுவதும் அந்த ஒரு நொடியைச் சுற்றியே அமைந்தது.

அறிதுயிலில் நான் தன்னினைவை இழக்கவில்லை. வெளியே கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டது, அவர் குரலும் கேட்டது. எழுந்து போக நினைத்திருந்தால் போயிருக்கலாம். கட்டைவிரல் வட்டமிடத் தொடங்கும்போதே அடைபட்ட மூச்சை உணரவும், உள்ளங்கையை விரித்து மூச்சை முழுவதுமாக வெளியே விடவும், அந்த ஆழ்ந்த அமைதியில் திரும்பத் திரும்பப் பழக்கினார். ஜெயித்த இரவுகள் மட்டும் என் நினைவில் பளிச்சென்று இருந்தன. தோற்ற இரவுகள் மங்கிப்போயிருந்தன. அவற்றில் ஒன்றை, விடியும் நேரத்தில் குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நின்றதை, உடம்போடு மறுபடியும் உணரச் செய்தார். அவர் குரலில் பதிந்து கொடுத்த பதினைந்து நிமிட ஒலிப்பதிவை நாள்தோறும் கேட்டேன்.

மூன்றாவது அமர்வுக்குப் பிறகு ஒரு முறை சறுக்கினேன். மூச்சை விட்டேன், கையை விரித்தேன், ஆனாலும் கட்டினேன். ஏனெனில் "இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்தது வந்தே தீரும்" என்ற கணக்கு என் தலைக்குள் அசையாமல் இருந்தது. அது தப்புக்கணக்கு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், கறுப்பு, சிவப்புக் கட்டங்கள் கொண்ட ரூலெட் சுழல் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கு முந்தைய சுற்று நினைவில் இருப்பதில்லை. இதை என் மண்டையில் ஏற்றியது அறிதுயில் அல்ல; அதே அம்மையார் அதனுடன் சேர்த்து அளித்த, தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் இனங்கண்டு மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. வங்கிக் கணக்கை மனைவியிடம் ஒப்படைத்ததும் அந்த வாரத்தில்தான். சூதாட்டக் கோளாறுக்கு ஆய்வுகளின் பலம் அதிகம் உள்ளது அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கே. ஹிப்னோதெரபியை அதற்குத் துணையாகக் கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி

ஐயா, என் கணவருக்கு நேர்ந்தது வேறு. ஒரே அமர்வில் குணமாக்குவதாக உறுதியளித்த ஒருவரிடம் சென்றோம். சிறு வயதில் புதைந்த காரணத்தைத் தோண்டி எடுப்பதாகச் சொல்லி அவர் ஹிப்னாடிசத்தில் சிறுவயது நினைவுகளுக்குப் பின்னோக்கி அழைத்துச் சென்றதில், தன் தந்தை தன்னை இருட்டறையில் பூட்டி வைத்ததாக ஒரு காட்சி என் கணவருக்குத் தோன்றியது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அவருடைய அண்ணனும் அக்காவும் கண்ணீரோடு சொன்னார்கள். ஹிப்னாடிசத்தில் எழும் நினைவு எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு மனநல மருத்துவர் விளக்கும்வரை, முதியவரான என் மாமனாரிடம் இவர் பேசவே இல்லை. சூதாட்டமும் நிற்கவில்லை. இப்போது அந்த மருத்துவர் தரும் சூதாடும் ஆசையைத் தணிப்பதற்கான நால்ட்ரெக்சோன் மாத்திரையும், 1957இல் அமெரிக்காவில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற, சூதாட்டத்தை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பின் வழியில் நடக்கும் வாராந்திரக் கூட்டமும் அவரைத் தாங்கி நிற்கின்றன. உங்களுக்கு அந்த ஆசை இப்போதும் வருகிறதா?

முதல் பதிவரின் மறுமொழி

சகோதரி, உங்கள் மாமனாரை நினைத்து மனம் கனக்கிறது. எனக்கு நடந்தவற்றில் கடந்த காலத்தைத் தோண்டும் வேலை எதுவும் இல்லை. அறிதுயிலுக்கு ஆட்படும் தன்மையும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். அதை அளக்க 1959இலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். எனக்கு அது எளிதாக வந்தது, அவ்வளவே.

ஆசை வருகிறது. முன்பு ஆசைக்கும் விரலுக்கும் இடையில் இடைவெளியே இருந்ததில்லை. இப்போது நான்கைந்து மூச்சு அளவுக்கு இருக்கிறது, அதற்குள் எழுந்து மனைவியை எழுப்பிவிட முடிகிறது. ஒலிப்பதிவை இன்னும் அழிக்கவில்லை. நேற்று இரவும் கேட்டேன்.