முதலீட்டு ஒப்பந்தம்: நாட்டின் மீதே கம்பெனி வழக்குப் போடலாமா?

செல்வி (பீஷான்):
மகள் ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) படிக்கிறாள். மனித உரிமையும் வெளிநாட்டு முதலீட்டு ஒப்பந்தங்களும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். மக்கள் உடல்நலத்துக்காக ஓர் அரசாங்கம் சட்டம் போட்டால், வெளிநாட்டுக் கம்பெனி அந்த நாட்டின் மீதே வழக்குப் போட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரேசன்:
முடியும்மா. இங்கே சிங்கப்பூரில் 2020 ஜூலை முதல் எல்லாச் சிகரெட் பாக்கெட்டும் ஒரே மங்கிய பழுப்பு நிறத்தில் வருகிறதல்லவா? அதை முதலில் சட்டமாக்கியது ஆஸ்திரேலியா, 2011-ல். பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனி உடனே வழக்குப் போட்டது. ஹாங்காங்குடன் ஆஸ்திரேலியா 1993-ல் செய்த முதலீட்டு ஒப்பந்தம்தான் பிடி. அதற்காகவே ஆஸ்திரேலியக் கிளையைத் தன் ஹாங்காங் நிறுவனத்தின் கைக்கு மாற்றிக்கொண்டது. சட்டப்படி அந்த வழக்கின் இருப்பிடம் நம் சிங்கப்பூர்தான். 2015 டிசம்பரில், இது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று நடுவர்கள் (நீதிமன்ற நீதிபதிகள் அல்ல, அந்த வழக்குக்கென்றே அமர்த்தப்படுபவர்கள்) தள்ளுபடி செய்தார்கள்.

ஆனால் நியூசிலாந்தைப் பாருங்கள். அதே சட்டம் கொண்டுவருவதாக 2013-லேயே சொல்லிவிட்டு, ஆஸ்திரேலியா வழக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்தது. சட்டம் நிறைவேறியது 2016-ல். தோற்ற வழக்கே இன்னொரு நாட்டின் கையைக் கட்டிப்போட்டது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

ரஹ்மான்:
ஒப்பந்தமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது அண்ணே. நம் ஊர்க் கம்பெனிகளும் வெளிநாட்டில் பணம் போடுகின்றன. அங்கே ஓர் அரசாங்கம் திடீரென்று தொழிற்சாலையைப் பறித்துக்கொண்டால் எங்கே போவது?

கதிரேசன்:
நியாயம்தான் தம்பி. பாதுகாப்பு இருக்கட்டும். ஆனால் மக்கள் எங்கே உட்காருவது? மேக்ஸ்வெல் சாலையில் பழைய சுங்கத்துறைக் கட்டடத்தில் நடுவர்கள் வழக்கு கேட்கும் விசாரணை அறைகளுக்குக் கோப்புப் பெட்டிகள் கொண்டுபோய் அடுக்குவது என் வேலை. வழக்காடுபவருக்கு ஒரு பக்கம் மேசை, எதிர்த்தரப்புக்கு மறுபக்கம், நடுவர்களுக்கு முன்னால். வேறு யாருக்கும் நாற்காலி போட்டதில்லை.

பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் தண்ணீர் விநியோகம் தனியார் கம்பெனி கைக்குப் போய்க் கட்டணம் ஏறியதும் 2000-ல் ஊரே தெருவுக்கு வந்தது. விநியோக ஒப்பந்தம் ரத்தானது, கம்பெனி உலக வங்கிக் குழுமத்தின் தீர்ப்பாயத்துக்குப் போனது. போராடிய மக்கள் தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். நடுவர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கண்டித்த பிறகு, 2006-ல் கம்பெனிக்காரர்கள் பெயருக்கு 2 பொலிவியானோ (அந்நாட்டு நாணயம்) வாங்கிக்கொண்டு விலகினார்கள்.

செல்வி:
அப்படியானால் கம்பெனிக்கு மனித உரிமைக் கடமையே இல்லையா?

கதிரேசன்:
அர்ஜென்டினாவில் தண்ணீர் விநியோகத்தில் பணம் போட்ட உர்பாசர் என்ற ஸ்பெயின் கம்பெனி தொடுத்த வழக்கில், மக்களின் தண்ணீர் உரிமையை மீறினார்கள் என்று அர்ஜென்டினா எதிர்வழக்குப் போட்டது. அதை விசாரிக்க அதிகாரம் உண்டு என்றார்கள் நடுவர்கள் 2016-ல், கம்பெனிகளுக்கு மனித உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தள்ளிவிடவும் இல்லை. கடைசியில் எதிர்வழக்கு தோற்றது. அதுவும் அரசாங்கம் போட்டதுதான், குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர் போட்டதல்ல. மகள் அங்கிருந்தே கட்டுரையைத் தொடங்கட்டும்.