சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் கொண்டுபோனவர்கள், நடந்ததை எழுதுங்கள்

லடாக் கனவு:
ஒரு வருஷமாகியும் மனசு ஆறவில்லை. சென்னையிலிருந்து டெல்லி வழியாக லே. சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பழைய பெட்டி, பிரவுன் டேப், செலவு அவ்வளவுதான். முன்சக்கரத்தின் ஆக்ஸிலை மட்டும் பெட்டியின் அடியில் சும்மா போட்டுவிட்டேன். லேயில் அறைக்கு வந்து பெட்டியைப் பிரித்து, சக்கரத்தை ஃபோர்க்கில் நிறுத்திவிட்டு ஆக்ஸிலைத் தேடுகிறேன், காணோம். பெட்டியைக் கவிழ்த்து உதறினேன், வெறும் தெர்மோகோல் துகள்தான் கொட்டியது. அப்போதுதான் பெட்டியின் பக்கவாட்டில் தூக்குவதற்கென்று வெட்டியிருக்கும் ஓட்டை கண்ணில் பட்டது. என் கையே தாராளமாக உள்ளே போனது. ஆக்ஸில் என் ஆள்காட்டி விரல் தடிமன்கூட இல்லை. அதே மரையில் ஊரெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. மற்றவர்கள் கர்துங் லா கணவாய்க்கு ஏறிவிட்டு வந்தார்கள், நான் அறையிலேயே இருந்தேன்.

தாம்பரம் மிதிவண்டி:
எனக்குப் போனது பின் டீரெய்லர், கியர் மாற்றும்போது செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுமே, அது. பெட்டியைச் செயின் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கப் போட்டு, மேலே வேறு எதையோ ஏற்றியிருக்கிறார்கள். அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் லேசாக உள்ளே வளைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் ஏற்றத்தில் பெரிய பல்லுக்கு மாற்றினேன், டீரெய்லர் ஸ்போக்கில் மாட்டி ‘டரக்’ என்று ஒரு சத்தம். இன்னும் காதில் நிற்கிறது. அப்புறம், டயரில் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள், மேலே போனால் வெடித்துவிடும்.

வைகைக்கரை:
தாம்பரம் அண்ணா, டயர் வெடிக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். சரக்கு வைக்கும் அறையிலும் காற்றழுத்தம் உண்டு, நாய் பூனையெல்லாம் அங்கேதான் வருகின்றன. அது வெற்றிடமாகவே இருந்தாலும் டயருக்குக் கூடுவது 15 பிஎஸ்ஐக்குள்தான். விமான நிறுவனம் இறக்கச் சொன்னால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் ஒட்ட இறக்கினால் அடி நேராக ரிம்மில் விழும். அமுக்கினால் அமுங்குகிற அளவு காற்றை விட்டுவையுங்கள்.

என் கதை சின்னது. சக்கரத்தைக் கழற்றிய பிறகு வழியில் டிஸ்க் பிரேக் லீவர் அழுந்தி, இரண்டு பேடும் ஒட்டிக்கொண்டன. விடியற்காலையில் ஸ்பூன் காம்பால் நெம்பிப் பிரித்தேன். அதனால் சொல்கிறேன், பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டையைச் செருகுங்கள். ஃபோர்க்கின் இரு காலுக்கும் நடுவில் கொடுக்கும் பிளாஸ்டிக் முட்டு கடைக்காரர்கள் தூக்கிப்போடுவது, கேட்டால் சும்மா தருவார்கள். ஃபிரேமுக்கு ஏசி பைப்பில் மாட்டும் கறுப்பு நுரைக்குழாயே போதும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலுக்கட்டாயமாகத் திருகிக் கெடுத்துவிடாதீர்கள். டீரெய்லரை 5 எம்எம் ஆலன் கீயால் கழற்றி, துணி சுற்றி, பின் ஃபிரேமுக்குள் கட்டிவிட்டால் ஹேங்கர் தப்பிக்கும். ஆக்ஸில், பெடல், போல்ட்டெல்லாம் ஒரே பையில் போட்டு அந்தப் பையை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள், உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான்.

லடாக் கனவு:
பையை ஃபிரேமோடு கட்டுவது, அதைத்தான் நான் செய்யவில்லை. ஜூனில் மறுபடி போகிறேன். ஓட்டைகளை உள்ளேயும் வெளியேயும் அட்டை வைத்து ஒட்டியாகிவிட்டது. திரும்பி வரும்வரை பெட்டியை எங்கே வைத்தீர்கள்?

தாம்பரம் மிதிவண்டி:
தங்கிய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். மடித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொள்ளச் சொன்னார். பத்து நாள் கழித்தும் அங்கேயே இருந்தது.