கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினி, இணையம் சொல்லிக்கொடுத்ததில் மனசை விட்டுப் போகாத சம்பவம் எது?

வைகைக்கரை

எனக்குச் சங்க நூலான பரிபாடல் விஷயம்தான். திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரி, சனிக்கிழமை வகுப்பு, பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டு. இலக்கியத்தில் வையை, அதாவது வைகை பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாணவியின் தாளில் ‘பரிபாடல், 43ஆம் பாடல்’ என்று போட்டு நாலு வரி இருந்தது. புதுப்புனல், பூ, கரையில் மகளிர் என்று எல்லாம் அதனதன் இடத்தில் பொருந்தியிருந்தன. வாசித்தால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் 70 பாடல்களில் நமக்கு முழுதாகக் கிடைத்தவை 22தான். 43 எங்கிருந்து வரும்?

“எங்கம்மா எடுத்த?” என்றேன். “சாட்ஜிபிடில கேட்டேன் சார், நம்பரோட கொடுத்துச்சு.”

திட்டவில்லை. மதுரைத் திட்டத்தைத் திறக்கச் சொன்னேன். 1998இலிருந்து தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், மதுரையில் படிக்கிற பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கண்ட்ரோல் எஃப் போட்டு அந்த வரிகளை ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். ஒரு வரி கூடச் சிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப இதை எழுதுனது யாரு சார்?”

யாரும் எழுதவில்லை, முன்னால் படித்ததை வைத்து அடுத்து எந்தச் சொல் வரும் என்று அது கணித்துக் கோத்தது என்று சொன்னேன். தலையாட்டினாள். அவளுக்கு அது பதிலாகப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செல்லூர் தமிழாசிரியர் (ஓய்வு)

இதற்குத்தான் நான் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வகுப்பிலேயே கையால் எழுத வைத்தேன். கடைசி வருடம் ஒரு பையன் அச்சடித்த கட்டுரை கொண்டுவந்தான். அவன் எழுதியதாகச் சொன்ன முதல் பத்தியைப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னேன். ‘விழுமியம்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். அது அவன் தாளில் ஐந்தாறு இடத்தில் இருந்தது. தேடிக் காட்டுவது, திருத்துவது எல்லாம் அப்புறம். முதல் மூன்று பருவத்துக்காவது சாட்ஜிபிடியைத் தொடவே விடக்கூடாது.

நாகமலை பிரவுசிங் சென்டர்

ஐயா, வகுப்பில் தடுத்தால் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். வாசலில் நிற்கிற கூட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிற சீசன். ஒரு எம்.எஸ்சி. மாணவி, கணினி நன்றாகத் தெரிந்த பிள்ளை, வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறக்கிறேன்: அவளுடைய ஆதார், அப்பாவின் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் முதல் பக்கம், எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. ஜிமெயிலும் திறந்தே இருந்தது. அடுத்து உட்காரக் காத்திருந்தவர் யாரோ எவரோ.

தெருவில் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, “அண்ணே, அது உங்க கம்ப்யூட்டர்தானே, நீங்க அழிச்சிருவீங்கன்னு நினைச்சேன்” என்றாள். ஒரு கடைக்காரனை நம்பி மொத்தக் குடும்பத்தின் காகிதத்தையும் விட்டுப் போகிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொருவர் எழுந்ததும் நானே ஃபோல்டரைக் காலி செய்கிறேன். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஆதார் எடுக்கலாம், அதைக் காட்டிக்கொடுத்தால் எல்லோருக்கும் ஆச்சரியம். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் லாக் அவுட் செய்வதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

மேலூர் அக்கா

எங்கள் ஊர்ப் பையன், பி.காம். இன்ஸ்டாவில் பழகிய யாரோ 3,000 ரூபாய் கொடுத்து அவன் பேங்க் கணக்கைக் கேட்டிருக்கிறார்கள். ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டான். ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்றத்தான் அது பயன்பட்டிருக்கும், இங்கே எல்லோருக்கும் தெரியும். வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்து சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் புகார் கொடுக்க, இவன் கணக்கு முடங்கிவிட்டது. அரசின் தமிழ்ப்புதல்வன் உதவித்தொகை 1,000 ரூபாயும் அந்தக் கணக்குக்குத்தான் வருகிறது.

நான் அவனுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தவள். விலுக்கப் (VLOOKUP) சூத்திரம் எல்லாம் சட்டென்று பிடித்துக்கொள்வான். “ஏன்டா தம்பி குடுத்த?” என்று கேட்டேன். “என் அக்கவுண்ட்ல ஒண்ணுமே இல்லையேக்கா. குடுத்தா என்ன போகப்போகுது?” என்றான். அவன் அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

உசிலை நண்பன்

எனக்கும் ஒரு நண்பன் இப்படித்தான் மாட்டினான், அதை விடுங்கள். மேலூர் அக்கா, அந்தத் தம்பி உடனே செய்ய வேண்டியது: கிளைக்கு நேரில் போய் எந்த மாநிலத்துக் காவல் நிலையம் முடக்கச் சொன்னது, புகார் எண் என்ன என்று எழுதி வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் யாரிடம் பேசியும் பயனில்லை. இன்ஸ்டா உரையாடல் எதையும் அழிக்கக் கூடாது. பயத்தில் முதலில் அதைத்தான் அழிப்பார்கள், ஆனால் இவனைப் பேசி மயக்கியதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஐடி பெயர், தேதி தெரிகிற மாதிரி வைக்கட்டும். அந்த சிம்மை முடக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் டெலிகிராமில் ‘கணக்கை விடுவித்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வருவார்கள், அவர்கள் அடுத்த திருடர்கள். காவல்துறை என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டினால் துண்டித்துவிடட்டும், டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. உண்மையான நோட்டீஸ் வந்தால் மட்டும் ஒளியாமல் வக்கீலோடு போகட்டும்.

மேலூர் அக்கா

நன்றி தம்பி, வக்கீல் வைத்தாகிவிட்டது, சிம்முக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. நான் அதற்காக எழுதவில்லை. காலியான கணக்கிலும் தன் பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. பின் நம்பர் சொல்லாதே, ஓடிபி சொல்லாதே என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், நானும்தான் சொன்னேன். பணம் இருக்கிறவனுக்குச் சொல்கிற எச்சரிக்கை அது.

வைகைக்கரை

அக்கா சொல்வதை அடுத்த சனிக்கிழமையே எடுக்கிறேன். தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒன்று: அந்த மாணவி கட்டுரையைத் திரும்ப எழுதினாள். இந்தத் தடவை நிஜமான வையைப் பாடல் ஒன்றை எடுத்து, உரையோடு படித்து, கையால்தான் எழுதினாள். ஆனால் அவள் அந்தப் பாடலைக் கண்டுபிடித்தது கைப்பேசியில்.

மேலூர் அக்கா

தம்பி, சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. முதலாமாண்டில் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்கிப் பாஸ்புக் கையில் வாங்குகிற அந்த வாரத்திலேயே பத்து நிமிடம் பேச முடியுமா? யாராவது கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பேச விட்டார்களா?