18446744073709551615: இந்த எண்ணுக்கு இத்தனை சிறிய காரணிகள் ஏன்?

கேள்வி:
வணக்கம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்துக்கொண்டே தானியமணிகளை வைத்தால் மொத்தம் 18446744073709551615 மணிகள் வரும். அதாவது 2⁶⁴ − 1. இருபது இலக்கம் கொண்ட இந்த எண்ணைக் கணினியில் காரணிப்படுத்தியபோது 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417 என்று விடை வந்தது. எண் 5-இல் முடிகிறது, இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. ஆகவே 5, 3 ஆகிய இரண்டும் எனக்குப் புரிகின்றன. மற்றவற்றைத் தாளில் எழுதியே கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. பள்ளியில் படித்த a² − b² = (a + b)(a − b) என்பதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், 2⁶⁴ − 1 என்பது (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1) என்று பிரிந்துவிடும். முதல் ஐந்தும் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த ஆறு எண்களில் எதை எடுத்து 2-ஐக் கழித்தாலும் அதற்கு முந்தையவற்றின் பெருக்கற்பலன் கிடைக்கும் என்பதால், இரண்டுக்குப் பொதுவான காரணி இருந்தால் அது 2-ஐ வகுத்தாக வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள், எனவே அப்படி எதுவும் இல்லை.

ஆறாவதான 4294967297-தான் சுவையான இடம். இவ்வகை எண்கள் யாவும் பகா எண்களே என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்தார். 641 வகுப்பதை வகுத்துப் பார்க்காமலேயே காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1 என்பதால் 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுக்கும்போது மீதி −1 எனக் கொள்ளலாம்; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ ஆகவும் இருப்பதால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ இடலாம்; −2³²-இன் மீதி 1 என்றாகிறது, ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவு குறுகிய நிரூபணம் இத்தனை பெரிய எண்ணுக்கு அமைவதை நான் இன்றும் வியக்கிறேன்.

மறுமொழி 2:
மேலே 6700417 பகா எண் என்பது நிறுவப்படவில்லை. அதையும் தாளிலேயே முடித்துவிடலாம். 2³² + 1-இன் பகாக் காரணி எதுவாயினும் அது 128k + 1 என்ற வடிவில்தான் இருக்கும் என்று லூக்காஸ் காட்டினார். 6700417-இன் வர்க்கமூலம் 2589-ஐ விடக் குறைவு. அதற்குள் அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. பொதுக் காரணி இல்லை என்று மேலே கண்டதால் 257 விலகிவிடும். எஞ்சிய நான்கால் மட்டும் வகுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
வகுத்தேன். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஏழு வெவ்வேறு பகா எண்கள் என்பதால் வகுஎண்கள் மொத்தம் 128 என்பதும் இப்போது தெளிவாகிறது. மிக்க நன்றி. அடுத்ததான 2⁶⁴ + 1-க்கும் இவ்வழி உதவுமா?

மறுமொழி 2 எழுதியவர்:
உதவும், ஆனால் பாதை மிக நீளமானது. அங்கே காரணிகள் 256k + 1 வடிவில் இருக்க வேண்டும். மிகச் சிறிய காரணியான 274177 கிடைக்க k-இன் மதிப்பு 1071 வரை செல்ல வேண்டும். 1880-இல் லாண்ட்ரி அதைக் கண்டறிந்தார்.