பிறந்த குழந்தைக்கு ஊசி தொடையிலா போடுவார்கள்?

பாலக்கோடு அப்பா:
நேற்றுதான் மகள் பிறந்தாள், தர்மபுரியில். இடது கையில் ஒரு ஊசி, தொடையில் ஒரு ஊசி. எங்கள் காலத்தில் இடுப்பில்தானே போட்டார்கள், பச்சைப்பிள்ளைக்குத் தொடையில் போய்க் குத்துவார்களா என்று அம்மா புலம்பிக்கொண்டே இருக்கிறார். இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

அரூர் அக்கா:
வாழ்த்துகள் தம்பி. நர்ஸ் இஷ்டத்துக்குப் போடுவதில்லை, தேசியத் தடுப்பூசி அட்டவணையிலேயே இடம் இருக்கிறது. கையில் போட்டது பிசிஜி, காசநோய்க்கான தடுப்பூசி. தோலுக்குள்ளேயே 0.05 மில்லிதான், போட்டதும் கொசு கடித்த மாதிரி வெளுத்துப் புடைக்கும். எல்லோருக்கும் இடது கைதான், பின்னாடி தழும்பைத் தேட வசதி. தொடையில் போட்டது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான தடுப்பூசி, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அது தசைக்குள் இறங்க வேண்டும், பிறந்த பிள்ளைக்குத் தோளில் ஏது சதை?

பென்னாகரத்தான்:
இடுப்புக்குக் கீழே காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஓடுகிறது, கொழுப்பும் உண்டு, மருந்து சரியாகத் தசைக்குப் போகாது. அதனால்தான் தொடை நடுவில், முன்பக்கம் வெளி ஓரமாக. ஆறு வாரத்தில் போடும் பெண்டாவேலன்ட்டும் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) தொடையில்தான், இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அப்புறம் பிசிஜி போட்ட இடம் சில வாரத்தில் லேசாகப் பழுத்து உடைந்து ஆறும், அது வழக்கம். மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ விடாதீர்கள்.

பாலக்கோடு அப்பா:
சரிங்க அண்ணா. அம்மா ஏற்கெனவே மஞ்சள் உரசிவிட்டார், போய்த் தடுக்கிறேன்.