குட்டி ப்ளூ டாங் உடலில் வெண்புள்ளிகள்: 150 லிட்டர் தொட்டியிலேயே மருந்து ஊற்றலாமா?

கேட்டவர் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். மூன்றடி நீளமும் ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளளவும் உள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பதினோரு மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்களும், ஒரு கிளீனர் இறாலும், சில நத்தைகளும் உள்ளன. எட்டு நாட்களுக்கு முன் 4 செ.மீ. நீளமே உள்ள ப்ளூ டாங் (நீல நிறக் கடல்மீன்) குஞ்சு ஒன்றை வாங்கி, பையை மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும் நேரடியாகத் தொட்டியில் விட்டேன். முதல் மூன்று நாட்கள் அது பாறை இடுக்கில் ஒருக்களித்துப் படுத்தே கிடந்தது. ஐந்தாம் நாள் துடுப்புகளிலும் உடலிலும் உப்புக்கல் ஒட்டியதுபோல் பத்துப் பதினைந்து புள்ளிகள் தெரிந்தன. இப்போது பாறையில் உடலை உரசுகிறது; வேகமாக மூச்சு விடுகிறது; ஆனாலும் உணவைத் தேடி வருகிறது.

உவர்ப்பு (நீரின் ஒப்படர்த்தி) 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் 20, மதிய வெப்பநிலை 30.5 டிகிரி. மீன் வாங்கிய கடையில் தாமிர மருந்து ஒன்றைத் தந்து, தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார்கள். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் இந்த மீன் முன்தான் உட்காருகிறாள். எப்படியாவது இதைக் காப்பாற்ற விரும்புகிறேன்.

பதில் (தூத்துக்குடி)

தம்பி, அந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இறாலும் நத்தைகளும் தாமிரத்தைத் தாங்காமல் இறந்துவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் நீரில் மருந்தின் அளவு ஒரு நிலையில் நிற்காது. பிற்காலத்தில் அந்தத் தொட்டியில் பவளம் வைக்க நினைத்தால் அதுவும் சந்தேகமாகிவிடும்.

ஒருக்களித்துப் படுத்தது நோயின் அறிகுறி அல்ல. பயந்த ப்ளூ டாங் இடுக்கில் உடலைச் செருகிக்கொண்டு செத்ததுபோல் கிடப்பது அதன் இயல்பு. கடலில் இதன் குஞ்சுகள் கிளைத்த பவளங்களுக்குள் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். புள்ளிகள்தாம் கவலைக்குரியவை. அவை மாவு தூவியதுபோல் மிக நுண்ணியவையா, அல்லது நீங்கள் சொன்னபடி உப்புக்கல் அளவில் எண்ணக்கூடியவையா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். மாவு போல இருந்தால் அது வெல்வெட் நோய். சில நாட்களிலேயே எல்லா மீன்களையும் கொன்றுவிடக்கூடும். முடிவு தெரியும்வரை ஒரு காற்றுக்கல்லைக் கூடுதலாகப் போட்டு, வெப்பநிலையை 27-க்கு மெல்ல இறக்குங்கள். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. செவுள் பாதிக்கப்பட்ட மீனுக்கு அது பெரிய சுமை.

கேட்டவர் (சென்னை)

எண்ணக்கூடிய புள்ளிகள்தாம், ஐயா. மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வைத்ததில் வெப்பநிலை 28-க்கு வந்திருக்கிறது. ஆனால் இன்று காலை பார்த்தபோது புள்ளிகள் அனைத்தும் மறைந்துவிட்டன. தானாகவே குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் (தூத்துக்குடி)

பலரும் ஏமாறும் இடம் இதுதான். இது கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் மூன்று முதல் ஏழு நாட்கள் தின்று வளர்ந்தபின், தானே உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான குஞ்சு ஒட்டுண்ணிகள் வெளிவந்து மீனைத் தேடும். ஆகவே புள்ளி மறைந்தது நோய் அடுத்த சுற்றுக்குப் போனதற்கான அடையாளம். தோலுக்கடியில் உள்ளதையும் கூட்டுக்குள் உள்ளதையும் தாமிரம் தொடாது; நீரில் நீந்தும் அந்தக் குஞ்சு நிலையை மட்டுமே கொல்லும். அதனால்தான் சிகிச்சை வாரக்கணக்கில் நீள்கிறது.

அடுத்த தாக்குதலுக்குமுன் கிடைத்த இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, 60 லிட்டர் அளவில் ஒரு சிகிச்சைத் தொட்டியை இன்றே அமையுங்கள். அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டர், காற்றுக்கல், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். மணலோ பாறையோ நீரை வடிகட்டும் கரியோ வேண்டாம். டாங்கை மட்டுமல்லாமல் கோமாளி மீன்களையும் அதற்கு மாற்றுங்கள், ஏனெனில் பழைய தொட்டியில் ஒரே ஒரு மீன் இருந்தாலும் ஒட்டுண்ணிக்கு உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும். இறாலும் நத்தைகளும் அங்கேயே இருக்கட்டும். சில கூடுகள் 72 நாட்கள் கழித்தும் வெடித்ததாகப் பதிவு உள்ளதால், பழைய தொட்டியை 76 நாட்கள் மீனில்லாமல் விடுவது வழக்கம். வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் இரண்டு தொட்டிக்கும் தனித்தனியே வையுங்கள்.

தாமிரத்தின் வகையை முதலில் பாருங்கள். கீலேட் வகையானால் (தாமிரம் வேறொரு சேர்மத்துடன் பிணைந்தது) லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மி.கி., சாதாரண அயனி வகையானால் 0.15 முதல் 0.20 மி.கி.; இரண்டையும் குழப்பினால் மீன் இறந்துவிடும். முழு அளவை ஒரே நாளில் போடாமல் மூன்று நான்கு நாட்களில் படிப்படியாக ஏற்றி, அந்த வகைக்கு உரிய சோதனைப் பெட்டியால் தினமும் அளந்து, 30 நாட்கள் அதே அளவில் நிறுத்துங்கள். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுங்கள். அம்மோனியாவை முடக்கும் திரவங்களைத் தாமிரத்துடன் சேர்த்தால் தாமிரத்தின் நச்சு கூடிவிடும்.

பதில் (கொழும்பு)

மேலே கூறப்பட்ட சிகிச்சை முறையை நானும் ஏற்கிறேன். ஆனால் குணமான பின் இந்த மீன் எங்கே வாழும் என்பதையும் இப்போதே பேசியாக வேண்டும். ப்ளூ டாங் 30 செ.மீ. வரை வளரக்கூடியது, நாள் முழுவதும் நீளவாக்கில் நீந்தும் மீன். அதற்கு ஆறடி நீளமும் 600 லிட்டருக்கு மேற்பட்ட நீரும் உள்ள தொட்டி தேவை. குஞ்சு சிறியதாக இருப்பதால் தொட்டி போதும் என்று தோன்றும். ஆனால் இடம் போதாத நெருக்கடியே அதன் எதிர்ப்பாற்றலைக் குறைத்து இந்த நோயை மீண்டும் வரவழைக்கும்.

கேட்டவர் (சென்னை)

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அப்படியானால் இதற்குப் பதிலாகப் பவுடர் ப்ளூ டாங் தருவதாகக் கடையில் சொல்கிறார்களே, அது பொருந்துமா?

பதில் (கொழும்பு)

வேண்டாம். அது எங்கள் இலங்கைக் கடலிலும் பிடிபடும் மீன், நான் நன்கு அறிவேன். வெண்புள்ளி நோய்க்கு ப்ளூ டாங்கைவிடவும் எளிதில் ஆளாகும். முரட்டுக் குணமும் உண்டு. டாங் இனத்தில் சிறியதான டோமினிகூட ஏறத்தாழ 15 செ.மீ. வளர்வதால் நாலடித் தொட்டியாவது கேட்கும். பாசியைத் தின்ன ஒரு மீன்தான் உங்கள் தேவை என்றால், பாறைமேல் உட்கார்ந்து மேயும் லான்மோவர் பிளென்னி இந்த அளவுக்கு ஏற்றது.

கேட்டவர் (சென்னை)

இன்று தாமிரத்தில் 24-ஆம் நாள். மூன்று மீன்களும் உயிருடன் உள்ளன, புள்ளிகள் திரும்பவில்லை. ஆறரை அடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிகிச்சை முடிந்ததும் டாங்கை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். மகளை அங்கே அழைத்துச் சென்று தொட்டியைக் காட்டினேன், சம்மதித்துவிட்டாள். ஒரே கவலை, மீனின் வயிறு ஒட்டியிருக்கிறது. தினமும் ஒருமுறை மைசிஸ் என்னும் பொடி இறால் தருகிறேன்.

பதில் (தூத்துக்குடி)

ஒருமுறை போதாது, தம்பி. இந்த வயதில் அது நாளெல்லாம் சிறிது சிறிதாகத் தின்னும் மீன். குறைந்தது நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். காலையில் உப்பும் எண்ணெயும் சேர்க்காத நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) இலையில் கால் துண்டைக் கிளிப்பில் மாட்டுங்கள். மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் சேகரிக்கும் காய்ந்த கஞ்சிப்பாசி கிடைத்தால் நன்னீரில் அலசி ஊறவைத்துக் கொடுக்கலாம். ஆனால் கடலிலிருந்து எடுத்த பச்சைப் பாசியை அப்படியே போடாதீர்கள், அதனுடன் வேறு ஒட்டுண்ணி வரக்கூடும். வயிறு துருத்தாவிட்டாலும், மார்புத் துடுப்புக்குக் கீழுள்ள குழி நிரம்பும்வரை நண்பரிடம் ஒப்படைக்க வேண்டாம். அவரையும் தம் தொட்டியில் கரித்தூள் கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாங்குகளின் தலையிலும் பக்கக்கோட்டிலும் (உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு) தோல் அரிக்கப்பட்டுப் போவதற்குக் கரித்தூளும் ஒரு காரணம் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. கரி போட்டே ஆக வேண்டுமென்றால் தூசி போகக் கழுவிய பின் போடட்டும்.